இரண்டாம் வகுப்புக்கு நீ பேசிய பாடங்கள்

இன்று மதியம் வகுப்பு ஹெட்போன்களின் பஞ்சு உறைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசினேன். ஈரப் பஞ்சிலிருந்து அந்த மருந்துச் சோப்பின் வாடை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நீ செய்த வேலை இது. “ஒரு புள்ளைக்குக் காதுல சீழ் வந்தா எல்லாத்துக்கும் வந்துடும்டி” என்று சொல்லிக்கொண்டே அலசுவாய். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஆசிரியர் பயிற்சியில் நாம் ஒரே பெஞ்சு. பிறகு நெல்லித்தோப்பில் ஒரே பள்ளி. உனக்கு இரண்டாம் வகுப்பு, பக்கத்து அறையில் எனக்கு மூன்றாம் வகுப்பு. பள்ளிக்குத் தொடுதிரை டேப் வந்தபோது நான் அதில் பாட்டுப் போட்டுக் காட்டியதோடு சரி. நீயோ பிள்ளைக்குப் பிள்ளை பாடத்தை மாற்றினாய். பீகாரிலிருந்து வந்த கொத்தனாரின் மகன் படத்தைத் தொட்டால் முதலில் அவன் மொழியிலும் பிறகு தமிழிலும் சொல் கேட்கும். அதற்காக அவன் அம்மாவைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி, அவள் வாயாலேயே அந்தச் சொற்களைப் பதிவு செய்துகொண்டாய். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற பையனுக்கு ஒரு திரையில் ஒரே ஒரு சொல்.

தர்ஷினிக்காகத்தான் அதிகம் உழைத்தாய். பார்வை குறைந்துகொண்டே வந்த பிள்ளை. கரும்பலகை அவளுக்கு வெறும் சுவர். டேப்பில் கறுப்புத் திரை, அதில் உள்ளங்கை அளவு மஞ்சள் எழுத்து, கூடவே உன் குரல். பெயிண்டர் வேலை பார்க்கும் அவள் அப்பா ஒருநாள் வந்து, இனிமேல் பெண்ணை அனுப்பப் போவதில்லை என்றார்.

“கண்ணே தெரியல. இது படிச்சி இன்னா ஆவப் போவுது டீச்சர்?”

நீ வாதாடவில்லை. டேப்பை அவள் மடியில் வைத்தாய். மூக்கு திரையில் உரச, அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள்: “அப்பா சுவருக்கு நீலம் அடித்தார்.” புத்தகத்தில் இல்லாத வாக்கியம். அவளுக்கென்று நீ எழுதியது. அவர் பெயிண்ட் ஒட்டிய கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். “நாளைக்கும் இட்டாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதே உனக்கு இருமல் இருந்தது. சாக்பீஸ் தூசு என்றாய், நானும் நம்பினேன். ஸ்கேன் எடுத்தபோது புற்று நுரையீரலைத் தாண்டிப் பரவியிருந்தது. பேருந்தில் திரும்பினோம். முதலியார்பேட்டையில் இறங்கியதும் கேட்டாய்: “வருஷம் முடியிற வரைக்கும் தாங்குவேனா?” எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஏண்டி அழுவுற? இன்னும் பாதிப் பாடம் கெடக்கு” என்றாய். பள்ளிக்கூட வருடத்தைத்தான் சொல்லியிருக்கிறாய்.

கடைசி வாரங்களில் உன் கட்டிலருகே பாடம் பதிவு செய்யச் செல்போனைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு சொல் சொல்வாய். மூச்சு வாங்கும். கண்ணை மூடிக் காத்திருந்து அடுத்த சொல்லைச் சொல்வாய். இடையில் வரும் வெற்றிடத்தையெல்லாம் வெட்டிவிடட்டுமா என்றேன்.

“அதுக்கெல்லாம் நேரம் இல்ல. அடுத்த பாடத்துக்குப் போவோம்.”

பிறகு அதுவும் முடியாமல் போனது. “மீதிய உன் குரல்ல போடு. என் குரலுக்கே பழகிட்டா புள்ளைங்க தேடும்” என்றாய். நான் கேட்ட உன் கடைசி நீளமான பேச்சு அதுதான். உன்னைக் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

அடுத்த வாரம் உன் வகுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். மீதிப் பாடங்களை நான் பதிவு செய்தேன். இருமல் இல்லை, தடங்கல் இல்லை, நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன். தர்ஷினி பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

“மிஸ், நீங்க வேகமா போறீங்க.”

“மெதுவாத்தானே பேசுறேன்?”

“அந்த மிஸ்ஸு ஒரு வார்த்த சொல்லிட்டு நிப்பாங்க. அதுக்குள்ள நான் சொல்லிப் பாத்துக்குவேன். எனக்காகத்தான் நிப்பாங்க.”

நீ எதற்காக நின்றாய் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது அவள் என் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். மஞ்சள் எழுத்தும் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் கைவிரித்துவிட்டார். அவள் அப்பா மட்டும் தினமும் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். போன வாரம் திரையைத் தடவிக்கொண்டே, “இது ஆன்ல இருக்கா மிஸ்?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “சரி” என்று கையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

பாடங்களை இப்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பதிவு செய்கிறேன். எனக்கு மூச்சு நன்றாகவே வருகிறது. இருந்தும் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நின்றுவிடுகிறேன். அவள் உதடு அசைந்து முடிகிறவரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்த சொல்லைச் சொல்கிறேன்.