பின்சுவர்

ஐப்பசி 12, புதன். இரவு.

செங்கம் ரோட்டுக் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். அங்கே காபிக் கடை வைத்திருக்கும் குமார், என்னைக் கேட்காமல் பின்சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்திருக்கிறான். சுவரில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இதை விட்டால் நாளைக்குத் தூணையே எடுப்பான்.

கோபமாகத்தான் உள்ளே போனேன். ஜன்னல் முழுக்க மலை, ஊரே சாமியாகக் கும்பிடும் மலை. வாயைத் திறப்பதற்குள் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவன் பார்த்துவிட்டான். அந்தச் சங்கடத்தில் இன்னும் கத்தினேன்.

“மலை தெரிஞ்சா நாலு பேரு ஜாஸ்தியா உக்காருவாங்கக்கா. கேட்டா வேணாம்னுடுவீங்க, அதான் கேக்கல.”

உண்மை. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“மாசக் கடைசில காலி பண்ணிடுப்பா,” என்றேன்.

கெஞ்சுவான் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. “சரிக்கா. போறதுக்கு முன்னாடி கொத்தனார வெச்சு ஜன்னல அடச்சுக் குடுத்துடறேன். பழையபடி குடுக்கணும்னு அக்ரிமெண்ட்ல இருக்குதே.”

இருக்கிறது. நான் எழுதச் சொன்னதுதான். அந்தப் பக்கம் மலை இருப்பது தெரிந்தே அங்கே சுவர் எழுப்பச் சொன்னதும் நான்தான்.

அடைக்க வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், பிறகு அவனை எதற்குக் காலி பண்ணச் சொல்கிறேன்?