முதலில் கெம்பு, அப்புறம் கொம்பு

என் செல்ல ரோசி அக்காவுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அதை வாங்கிப் பிரிக்க நீ இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சொந்த விஷயத்தை அச்சில் போடுகிறவள் நான் இல்லை. ஆனால் என்னைப் போல் தலையில் அடிபட்டுப் பாதிப் பார்வை போன யாருக்காவது இதை யாராவது படித்துக் காட்டலாம், இல்லையா?

கோலார் தங்கவயலிலிருந்து நீ, "உடம்பு சரியில்லை, பத்து நாள் வந்து இரு" என்று எழுதியிருந்தாய். பரீட்சை இருக்கிறது, வர முடியாது என்று இரண்டே வரியில் பதில் போட்டேன். அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது ஜட்கா குடைசாய்ந்தது. என் பின்மண்டை சாலையோரக் கல்லில் மோதியது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அதற்குப் பதிலாக உன் கடைசிக் கடிதம் வந்தது. மறு மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கண்ணில் கோளாறே இல்லை என்றார் டாக்டர். பார்ப்பதற்கென்று மூளையில் இருக்கிற இடத்தில் அடி. அதனால் இரண்டு கண்ணுக்கும் இடது பாதி கிடையாது. இருட்டாகத் தெரியும் என்று நினைக்கிறாயா? இருட்டும் இல்லை. அந்தப் பக்கம் உலகம் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். தட்டின் இடப்பக்கத்துப் பொரியலைத் தொடாமல் கை கழுவப் போவேன். அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள்.

படிப்புதான் வேடிக்கை. சொல்லுக்கு முன்னால் நிற்கும் கொம்பு காணாமல் போகும். 'சோறு' எனக்குச் 'சாறு'. பேப்பரில் 'போர்' என்ற தலைப்பை அப்பா காட்டினார். 'பார்' என்று படித்தேன். "பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். "புஸ்தகம் படிச்சா கொம்பா முளைச்சிடும்?" என்று எத்தனை தடவை என்னைச் சீண்டியிருப்பாய்! இருந்த கொம்பும் உதிர்ந்துவிட்டது, அக்கா.

உன் கடிதத்தை அம்மா பிரிக்கவில்லை. "அவ பேருக்கு வந்தது, அவதான் பிரிக்கணும்" என்று எடுத்து வைத்திருந்தாள். வேறு யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். நமக்குள் நடந்ததை இன்னொருவர் குரலில் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நானே தடுமாறிப் படித்தேன். ஒரு வரியின் முடிவில் 'உன் மல் காபம்' என்று இருந்தது. அதற்கு மட்டும் கொம்பு வைத்துப் படிக்க எனக்குத் தெரிந்தது. என் மேல் உனக்குக் கோபம். அடுத்த வரியில் உன் பாப்பாவைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாய். மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கோபத்தோடு போய்விட்டாயா?

போன பார்வை போனதுதான், பழகிக்கொள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் பயிற்சி கொடுத்த சாவித்ரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் வயசுதான் அவளுக்கு. மல்லேஸ்வரத்துக் கன்னடப் பெண், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் கண் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும். "மொதலு கெம்பு, ஆமேலெ ஓது!" முதலில் சிவப்பு, அப்புறம் படி என்கிறாள். என் தமிழ்க் காதில் 'முதலில் கொம்பு' என்றே விழுந்தது. இரண்டும் சரிதானே?

தினமும் இரண்டு மணி நேரம். சுவரில் ஒட்டிய எண்களைத் தேட வேண்டும், மேஜையில் இறைத்த பட்டாணியை இடது கோடியிலிருந்து பொறுக்க வேண்டும். தலை வலித்து வாந்தி வரும்.

"இன்னிக்குப் போதும் சாவித்ரி."

"உனக்குப் போதும். உன் கண்ணுக்குப் போதாது. கூத்கோ" என்று தோளை அழுத்தி உட்காரவைப்பாள்.

உன் மகள் இப்போது காக்ஸ் டவுனில் நம் வீட்டில்தான் இருக்கிறாள். நாலு வயசு. சாவித்ரியைவிடக் கறார். "சித்திக்கு இந்தப் பக்கம் இல்ல!" என்று இடப்பக்கமாக வந்து கிள்ளிவிட்டு ஓடுவாள். அவளைப் பிடிக்கவே பாதி நாள் கண்ணைத் திருப்பப் பழகினேன்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து உன் கடிதத்தை எடுத்தேன். உன் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சில் வைக்க மனசில்லை. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து ஓரத்தில் வைத்தேன். ஒவ்வொரு வரியாக வந்தேன். 'எனக்கு உன் மேல் கோபம்' என்று வரி முடிந்தது. கண்ணைத் திருப்பி நூலைத் தொட்டேன். நூலை ஒட்டி ஒரு சொல்.

'இல்லை.'

'எனக்கு உன் மேல் கோபம் இல்லை. பாப்பா உன் படத்தைப் பார்த்துச் சித்தி என்கிறாள். பரீட்சையை நல்லா எழுது.'

ஒன்றரை வருஷம் அந்தச் சொல் அங்கேயே இருந்திருக்கிறது, அக்கா. நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

இடப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலாக ஏதோ தெரிய ஆரம்பித்திருக்கிறது. மீதி வராமலே போகலாம் என்கிறார் டாக்டர். வராவிட்டால் என்ன? நான் அந்தப் பக்கம் போய்க்கொள்கிறேன்.

விட்டுப்போன பரீட்சையை இந்த முறை எழுதுகிறேன். விடைத்தாளின் ஓரத்தில் நானே கெம்புக் கோடு போட்டுக்கொண்டு, நல்லாவே எழுதுவேன். உன் மகளுக்குப் புரிகிற வயசு வந்ததும் உன் கடிதத்தை, வரியின் முதல் சொல்லிலிருந்து, ஒரு கொம்பும் விடாமல் படித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

கொம்பு மறுபடி முளைக்கிற
உன் தங்கை