அபர்வெலினில் கை காட்டினால் வண்டி நிற்கும்

படகுத்துறை, அபர்வெலின்
2 ஏப்ரல் 1984

அன்புள்ள எலினெட்டுக்கு,

நலம். உன் சித்தியின் அடக்கத்துக்கு வந்து போனபின் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கார்டிஃபில் தபால் தலை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது. துறையில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு மாவட்டத்திலேயே முதல் பரிசு. வாசலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். "இனிமே வீட்டுல போறதுக்கே வெக்கமா இருக்கு, கிடியன்" என்கிறாள் ரொட்டிக்கடை ஹெட்டி. நூலகம் வாரத்தில் இரண்டு நாள்தான். ஆனாலும் நாம் கேட்ட புத்தகத்தைத் தராமல் நாம் படிக்கவேண்டியதைத் தரும் நூலகர் வேறெந்த ஊரில் இருக்கிறார்? போன வாரம் உயிர்காப்புப் படகுக்கு ஆள் கூப்பிட்டு வாணம் வெடித்தது. ஹெட்டி கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு என்னோடு ஓடிவந்தாள். திரும்பி வந்து பார்த்தால் ஊர் தானே ரொட்டி எடுத்துக்கொண்டு, காசைக் கல்லாவில் போட்டு, மிச்சமிருந்ததைத் துணி போட்டு மூடியும் வைத்திருக்கிறது.

பாதி ஐரோப்பாவுக்குக் கூரைக் கல் போனது இந்தத் துறையிலிருந்துதான். அந்தக் கப்பல்களை ஓட்டிய கேப்டன்களின் வீடுகள் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. அதில் ஒன்று, உன் சித்தியின் வீடு, இப்போது உன்னுடையது. அதைப் பூட்டி வைக்காதே. வந்துவிடு. நாம் கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்த ஊரை விட்டு என்னால் ஒரு ராத்திரிகூட வெளியே தங்க முடியாது என்பது உனக்கே தெரியும். அதனால் நீதான் வரவேண்டும்.

அன்புடன்,
கிடியன்


கார்டிஃப்
6 ஏப்ரல் 1984

அன்புள்ள கிடியனுக்கு,

கடிதம் கிடைத்தது. கழிப்பறைக்குப் பத்து வரி, எனக்கு மூன்று வரி. இருந்தாலும் சிரித்துக்கொண்டே மூன்று முறை வாசித்தேன்.

பொய் சொல்வானேன், ஊர் ஞாபகம் எனக்கும் உண்டு. ஆஸ்பத்திரி வேலை போன மாதத்தோடு முடிந்தது. இந்தத் தெருவில் நம் பாஷையில் சண்டை போடக்கூட ஆளில்லை. நான் தனியாக இருப்பதைப் பார்த்து மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். மாடி அறையைச் சுத்தம் செய்தும் வைத்துவிட்டாள். அவளுக்கும் பதில் சொல்லவேண்டும், உனக்கும் சொல்லவேண்டும்.

அதனால் இப்படிச் செய்வோம். பதினான்காம் தேதி, சனிக்கிழமை மத்தியான ரயில் வண்டியில் வருகிறேன். அபர்வெலினில் நான் இறங்கினால் சரி என்று அர்த்தம். இறங்கவில்லையென்றால் ஏனென்று கேட்காதே.

உன்,
எலினெட்


அபர்வெலின்
15 ஏப்ரல் 1984

எலினெட்,

கேட்கவில்லை. கேட்காதே என்றாய், கேட்க மாட்டேன்.

வண்டி வேகத்தைக் குறைக்காமல் போனது. கதவு ஜன்னலில் உன் முகத்தைப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்தாய். இறங்குவதானால் ரயில் கார்டிடம் சொல்லியிருப்பாய். நம் சின்ன ஸ்டேஷன்களில் இறங்குகிறவர் கேட்டாலோ, ஏறுகிறவர் கை நீட்டினாலோதானே நிற்கும்? நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். நீட்டிவிட்டு ஏறாமல் நின்றால் டிரைவர் ஊர் கேட்கத் திட்டுவார் என்று உனக்குத் தெரியும்.

ஹெட்டி கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். "அட விடுப்பா, கேக் நாலு நாள் தாங்கும்" என்றாள். அவளைத் திட்டிவிட்டேன். பாவம்.

மகளோடு சௌகரியமாக இரு.

கிடியன்


கார்டிஃப்
18 ஏப்ரல் 1984

அட மடையா,

நான் மறந்துவிட்டேன்! கார்டிஃபில் எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் தானாகவே நிற்கிறது. கார்டிடம் சொல்லவேண்டும் என்பது எனக்கு நினைவே இல்லை. புது நீல கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவருகே போய் நின்றிருந்தேன். ஸ்டேஷன் ஓடிப்போனது. கார்டு வந்து, "ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எந்த ஊரும்மா நீங்க?" என்றார். இந்த ஊர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பும் வண்டியில் ஏறினேன். அந்தக் கார்டு அவராகவே கேட்டார், "அபர்வெலினா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கிறுக்குத்தனத்துக்கு இது ஒரு சாட்சி. ஆனால் அதற்குள் எனக்குக் கோபம் வந்திருந்தது. நான் கதவில் நிற்பது உனக்குத் தெரிந்தது. நீ கையை வெளியே எடுத்திருந்தால் போதும், வண்டி நின்றிருக்கும். டிரைவர் திட்டுவாராம்! என்னைவிட டிரைவரின் திட்டா உனக்குப் பெரிதாகப் போய்விட்டது?

உன் ஊர் தங்கம்தான் கிடியன், நான் மறுக்கவில்லை. அந்த ரொட்டிக்குத் துணி போட்டு மூடிய செய்தியை ஆஸ்பத்திரித் தோழிகளிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் ஊருக்கு ஒரு ஆள் சேர்க்கப் பார்க்கிறாயா, இல்லை என்னைத்தான் கேட்கிறாயா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. உனக்கு நான் வேண்டுமென்று நீ எங்கேயும் எழுதவில்லை.

இருபத்தெட்டாம் தேதி அதே வண்டியில் வருகிறேன். கார்டிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ கை நீட்டினால் வண்டி நிற்கும். நீட்டாவிட்டால் மகளுக்குச் சரி சொல்லிவிடுவேன். அப்புறம் கடிதம் கிடையாது.

எலினெட்


படகுத்துறை, அபர்வெலின்
24 ஏப்ரல் 1984

அன்பே எலினெட்,

உன் கடிதத்தை, ஆள் ஏற்றிப்போகும் என் படகில் வைத்துப் படித்தேன். அக்கரைக்காரர்கள் நடு ஆற்றில் உட்கார்ந்துகொண்டு, "என்னப்பா, இன்னைக்குக் கரை சேருமா சேராதா?" என்று கத்தினார்கள். உப்புநீர் நீச்சல் குளத்துக்குப் புதுசாக வெள்ளையடித்திருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் காகங்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன. பார், மறுபடி ஆரம்பித்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கும்போதெல்லாம் நான் ஊரைப் பற்றிப் பேசுகிறேன்.

நீ வேண்டும். ஊருக்கு இல்லை, எனக்கு. அந்த வண்டி போனபின் வீட்டுக்கு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே இதே துறை, இதே கடல். என் வாழ்நாளில் முதல் முறையாக அது எனக்குப் போதவில்லை.

நீ கேட்டபடி சனிக்கிழமை கை நீட்டுகிறேன். ஆனால் நம் லைனில் கை நீட்டுகிறவன் வண்டியில் ஏறவேண்டும். அதனால் ஏறுகிறேன். படகை ஹெட்டியின் மகள் பார்த்துக்கொள்வாள், என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள். ஹெட்டியிடம் சொன்னபோது, "நீயா? வெளியூருக்கா? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூசி தட்டிக் கொடுத்தாள். பல் துலக்கும் பிரஷ், இரண்டு சட்டை, நல்ல காலணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

உனக்கு அபர்வெலினில் இறங்கத் தோன்றினால் வண்டி நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தில் என்னையும் கீழே இழுத்துக்கொண்டு இறங்கு. தோன்றாவிட்டால் அசையாமல் உட்கார்ந்திரு, வண்டி எங்கே போகிறதோ அங்கே நானும் வருகிறேன். உன் மகள் வீட்டு மாடி அறையானாலும் சரிதான். ராத்திரி தூக்கம் வராவிட்டால் என்ன, பேசிக்கொண்டிருப்போம்.

கடல் பக்கத்து ஜன்னலில் உட்கார். பக்கத்து சீட்டில் உன் பெட்டியை வைத்துக்கொள், யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்று சொல்.

உன்,
கிடியன்