மீசைக்கு அடித்த டை

என் வீட்டுக்காரிக்கு,

போனில் கேமரா வேலை செய்யவில்லை என்று ஒரு வாரமாய்ச் சொன்னது பொய். வெங்காய மூட்டையோடு இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டு ஆரோக்கியதாஸ் சென்னைக்குக் கொண்டுவருகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பேரனின் ஞானஸ்நானப் போட்டோவில் கிழவனாகத் தெரியக் கூடாதென்று மீசைக்கு டை அடித்தேன். முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்க்கவேண்டும் என்று அட்டையில் போட்டிருந்ததாம். நான் படிக்கவில்லை. அரிப்பெடுத்ததும், வீட்டில்தான் கிடக்கிறதே என்று சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தேன். காலையில் உதடு பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

அரியலூரில் தோல் டாக்டர் என் பழைய மாணவி. "கேள்வியை முழுசாப் படிச்சிட்டுத்தான் எழுதணும்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?" என்று சிரித்தாள். மீசையை எடுக்காமல் மருந்து போட முடியாது என்றும் சொல்லிவிட்டாள்.

இப்போது வீக்கம் வற்றிவிட்டது. மீசைதான் இல்லை.

பேரனை விட்டுவர உனக்கு மனசு வராது, தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து குத்துது, குத்துது என்று திட்டுவாயே. மறுபடி முளைப்பதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் வாத்தியார்