ரதிக்கு விழுந்த ரெட்டை நாடி

பெப். 9, ஞாயிறு

விடியக்காலையில ஒரே பனி. பைப்புத் தண்ணியில கை வைக்க முடியல. ரெண்டு தரம் சேவ் பண்ணினேன். மீசையையும் எடுத்தாச்சு. காமன் கூத்துக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்னு செல்வி கேக்குறா. பொஞ்சாதிக்கு என்ன தெரியும், பழகணும்ல.

கண்ணாடியில நல்லா பார்த்தேன். தாடைக்குக் கீழ சதை. குனிஞ்சா ரெண்டு மடிப்பு, நிமிந்தா வான்கோழி.

போன வருச வீடியோ இன்னும் போன்ல சுத்துது. எவனோ கீழ உக்காந்து எடுத்தது. ரதி வேசத்துல நான், கழுத்து மட்டும் தனியா ஆடுது. "இது ரதியா, ரதியோட அம்மாவா"ன்னு எழுதியிருக்கான். நானும் சிரிக்கிற பொம்மை ஒண்ணு போட்டு விட்டேன். கோவப்பட்டா இன்னும் ஏத்துவானுங்க.

பதினெட்டு வருசமா இந்தத் தோட்டத்துக்கு ரதி நான்தான். மத்த நாளெல்லாம் பெக்டரியில தேயிலைத் தூசி திங்கிற லிங்கம். மாசியில மட்டும் லயத்து வீடுகள்ல இருக்குற பொம்பளைங்க வேலையப் போட்டுட்டு வாசலுக்கு வந்து என்னையப் பாக்குறாங்க. அது எனக்கு வேணும். வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் வேணும்.

பெப். 11, செவ்வாய்

வெயில். கொழுந்து கம்மி, மெசின் சீக்கிரம் நின்னுது.

போன்ல பார்த்த பயிற்சி: நாக்க மேல் அன்னத்துல ஒட்டி வைக்கிறது. கீழ்த்தாடைய முன்னால தள்ளுறது. ஆகாசத்தப் பார்த்து முத்தம் குடுக்குறது.

மூணாவதை பெக்டரிக்குப் பின்பக்கம் மறைவா நின்னு செஞ்சேன். மேற்பார்வைக்காரர் வந்துட்டாரு. "என்ன லிங்கம், பல்லு வலியா?" ஆமாங்கன்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து செல்விகிட்ட சொன்னேன். செ. விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் அவளே, கண்டியில ஒரு தோல் டாக்டரம்மா இருக்காங்களாம், கேட்டுப் பார்ப்போமேன்னா.

பெப். 15, சனி

கண்டி போனோம். கினிகத்தேனை வளைவுல செ.க்கு வாந்தி. எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வர மறந்தாச்சு, அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு.

டாக்டரம்மா சிங்களம். மெதுவாப் பேசுனாங்க, எல்லாம் வெளங்குச்சு. கழுத்துச் சதையை ரெண்டு விரலால புடிச்சுப் பார்த்தாங்க. கொழுப்பு கொஞ்சந்தானாம். தோல்தான் தளந்து போச்சாம்.

1. கொழுப்பக் கரைக்கிற ஊசி. மாசத்துக்கு ஒண்ணுன்னு சில தரம். போட்டா முதல்ல தவளை மாதிரி வீங்கும். எனக்கு சரி வராது, தோல் இன்னும் தொங்கும்.
2. சூடு குடுத்து தோலை இறுக்குற மெசின். பலன் தெரிய ரெண்டு மூணு மாசம்.
3. நாடிக்கு ஜெல் ஊசி. உடனே தெரியும். ஆனா நாடிதான் எடுப்பா வரும், கழுத்து கழுத்தாவே இருக்கும்.
4. ஆபரேசன். கொழும்புக்குப் போகணும். அந்தப் பேச்சே வேணாம்.

அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. ஆம்பளைங்க தாடை சதுரமா வேணும்பாங்க, பொம்பளைங்க வெத்திலை நுனி மாதிரி வேணும்பாங்க, ஒங்களுக்கு எதுன்னு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. கல்யாண வீடு ஒண்ணு இருக்குன்னு சும்மா அளந்துக்கிட்டிருந்தேன்.

செ. பட்டுன்னு சொல்லிட்டா: "பொம்பளை மாதிரிதான் டாக்டர். இவருதான் எங்க ரதி."

டாக்டரம்மா சிரிக்கல. வீடியோ இருக்கான்னு கேட்டு வாங்கி, மன்மதன் எரிஞ்சு நான் அழுவுற வரைக்கும் பார்த்தாங்க. "கூத்துக்குள்ள என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அவசரப்பட்டு எவங்கிட்டயும் ஊசி போட்டுக்காதீங்க" ன்னாங்க.

திரும்புற பஸ்ல செ. என் தோள்ல தூங்கிட்டு வந்தா. நான் ஜன்னல் கண்ணாடியில கழுத்தப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

பெப். 16, ஞாயிறு

கூத்து மாஸ்டர் வீட்டுல கூட்டம். இந்த வருசம் போன்ல லைவ் போடுறாங்களாம். வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளுங்களும் பார்ப்பாங்களாம். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காம தேத்தண்ணியப் பார்த்துக்கிட்டே பேசுனாங்க.

நானே வாயத் தொறந்தேன். "மாஸ்டர், இந்த வருசம் ரதிய தினேசுக்குக் குடுங்க." போன் கடையில வேலை செய்றானே, அந்தப் பையன். இருவத்தொரு வயசு, தாடை கத்தி மாதிரி.

அதெல்லாம் வேணாம் தம்பி, நீதான்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். நெனச்சுத்தான் சொன்னேன்.

"சரி, நல்ல யோசனை" ன்னுட்டாரு. உடனே. தேத்தண்ணி ஆறல அதுக்குள்ள.

செ. கிட்ட சொன்னேன். அடுப்படியில இருந்து எந்திரிச்சு வந்தா. "ஏங்க முந்திக்கிட்டீங்க? அவங்க வாயால சொல்லட்டுமே." தானே போனா மானத்தோட போன மாதிரின்னு நெனச்சேன். அப்படி ஒண்ணும் இல்ல.

மார்ச் 1, சனி

நாளைக்கு காமன் கம்பம் நடுறாங்க, கூத்து தொடங்குது. தினேசு சேலை கட்டப் பழக வந்தான். கொசுவம் அவனுக்கு வரல. நான் மடிச்சுச் சொருகி விட்டேன். பவுடர் போட்டா தாடை எலும்பு இன்னும் ஆம்பளையாத் துருத்துது. ஓரத்துல ரோஸ் கொஞ்சம் தேய்ச்சு அமத்துனேன். ரதி ஜாடை வந்துருச்சு. அழகாத்தான் இருந்தான், பாவி.

"மாமா, எம்மேல கோவமா?"

இல்லடான்னேன். கோவம்தான். அவன் மேல இல்ல.

மார்ச் 8, சனி

பகல்ல ஆட்டம், வீட்டுக்கு வீடு. பொடி மழை. ஊசி, பவுடர், சீப்பு எல்லாம் இருக்குற பையத் தூக்கிக்கிட்டு தப்படிக்கிறவங்களுக்குப் பின்னால நான். காச்சட்டை, சட்டை. காலு மட்டும் அடிக்கு அடி தானா போகுது. புடிச்சு நிறுத்த வேண்டியதா இருந்துச்சு.

தினேசு நல்லாத்தான் ஆடுனான். பிள்ளைங்கல்லாம் போன் தூக்கிக்கிட்டு அவன் பின்னால.

கீழ் லயத்துல புஷ்பம் அக்கா வாசல். கொழுந்து எடுக்குற அக்கா, தனி ஆளு. பதினெட்டு வருசமா என் கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தி, "வாடி ரதி"ன்னு நெத்தியில பொட்டு வைக்கிற கை. இன்னைக்கு மன்மதனுக்கும் தினேசுக்கும் ஊத்துனா, பொட்டு வச்சா. மொறையாத்தான் செஞ்சா.

நான் குனிஞ்சு பையத் தொழாவிக்கிட்டு நின்னேன். பையில ஒண்ணும் தேடல.

தப்பு நின்னுருச்சு. நிமிந்தா அக்கா முன்னால நிக்கிறா, குங்குமத் தட்டோட. எல்லாரும் பாக்குறாங்க.

"பின்னால ஏன்டி நிக்கிற" ன்னு சொல்லி, என் நாடிக்குக் கீழ கையக் குடுத்து, அந்தச் சதையோட சேத்து மூஞ்சிய நிமித்தி, பொட்டு வச்சா.

பொழுது சாஞ்சு வீட்டுக்கு வந்தேன். செ. சுடுதண்ணி வச்சுக் குடுத்தா. கை காலு மட்டும் கழுவுனேன்.