தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பொந்து

மார்ச் 3, திங்கள்

காலையில் அந்த மஞ்சள் பூனை மறுபடியும் கூண்டின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினேன். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சாவகாசமாக எழுந்து, சோம்பல் முறித்து, பக்கத்து வீட்டு மதிலில் இறங்கிப் போயிற்று. உள்ளே எல்லாப் பறவைகளும் எதிர்ப்பக்க வலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. எண்ணினேன். பதினேழு. சரி.

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் இந்தக் கூண்டைக் கட்டினார். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரம், பன்னிரண்டடி நீளம், முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. "ஏறுறவங்க முன்னால, இறங்குறவங்க பின்னால" என்று பறவைகளிடம் சொல்லித் தானே சிரிப்பார். பக்கவாதம் வருவதற்கு முந்திய கதை அது. இரண்டு வருஷமாக வலது கை அசையாது, பேச்சு வராது. "ம்" மட்டும் உண்டு. பதினாலு விதமான "ம்". பதினாலும் எனக்குத்தான் புரியும்.

வியாழக்கிழமை சின்னவள் வருகிறாளாம். வேலையை விட்டுவிட்டாள். "கொஞ்ச நாள் வீட்ல இருந்துக்கறேன்க்கா" என்றாள் போனில். தங்கைதானே, வரட்டும். எனக்கும் கைக்கு உதவியாக இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டாள். மூன்று பெட்டிகள். கொஞ்ச நாளுக்கு மூன்று பெட்டியா?

மார்ச் 11, செவ்வாய்

மருந்துக்கடையில் இந்த மாதம் எனக்குக் காலை ஷிப்ட். அதனால் கூண்டைச் சின்னவளிடம் ஒப்படைத்தேன். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் தானியத் தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எலி வரும், எலியைத் தேடி வேறேதாவது வரும். உட்காருகிற குச்சியை வலையை ஒட்டி வைக்கக் கூடாது, பூனை வெளியிலிருந்தே காலைப் பிடித்து இழுத்துவிடும். ஒரு கதவைத் திறக்குமுன் மற்றது சாத்தியிருக்கிறதா என்று பார். தினமும் ஒருமுறை தரையைப் பார்த்துக்கொண்டே கூண்டைச் சுற்றி வா. "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினாள்.

கடையிலிருந்து வந்தபோது கண்டக்டர் அவள் தோளில் உட்கார்ந்திருந்தது.

கண்டக்டர் என்பது எங்கள் காக்கடீல், கொண்டை வைத்த ஒரு கிளி. சாம்பல் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. டபுள் விசில் அடிக்கும், அதனால் அப்பா வைத்த பெயர். அது விசிலடித்தால் அப்பா இடது கையால் இல்லாத ஸ்டியரிங்கைக் காற்றில் திருப்புவார். அப்பாவைத் தவிர யார் மேலும் அது உட்கார்ந்ததில்லை. இரண்டு வருஷம் தண்ணீர் வைத்து, எச்சம் சுரண்டி, நகம் பார்த்தவள் நான். என் கைக்கு வந்ததே இல்லை.

ஐந்தே நாள்.

மார்ச் 14, வெள்ளி

இவள் சமைத்ததை அப்பா தட்டைக் காட்டி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். உப்பு அதிகம். நான் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இன்று சொன்னாள்: "உங்க தங்கச்சி வந்ததுலேருந்து ஐயா முகமே வேற மாதிரி இருக்கு."

அதற்கு முன்னால் இருந்த முகத்தில் என்ன குறை என்று கேட்க நாக்கு வரை வந்தது. "ஆமா, நல்லதுதான்" என்றேன்.

சின்னவள் அப்பாவைச் சக்கர நாற்காலியோடு கூண்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகிறாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கதவு பெரிதுதான். போகும் என்று எனக்கும் தெரியும். அவர் மடியில் தட்டு, சுற்றிலும் பறவைகள். ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த ஜன்னலில் இத்தனை நாள் அவரை உட்கார வைத்திருந்தவள் நான்தான்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் நான் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கூண்டில் சின்னவள் தண்ணீர்க் கிண்ணத்தை மாட்டப் போய்த் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தொப்பலாக நனைந்து நின்றாள். அப்பா பார்த்தார். வாயில் சோறு இருக்கிறது. "குட்டி" என்றார். சின்னவளைச் சின்ன வயசிலிருந்து அவர் கூப்பிடுகிற பெயர்.

தெளிவாக. ட்-டில் அழுத்தம் உட்பட.

இரண்டு வருஷம். தினமும் அரை மணி நேரம் படம் போட்ட அட்டையைக் காட்டிக் காட்டி, கை, கதவு, கப்பு என்று வாயைக் கோணி உட்கார்ந்தேனே. ஒரு எழுத்து வரலையே. அவ நனைஞ்சு நின்னதப் பாத்ததும் வந்துடுச்சா? என்னை எப்படிக் கூப்பிடுவார்னு ஞாபகமாவது இருக்கா?

சின்னவள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுததற்கும் நான் அழுததற்கும் காரணம் வேறு.

மார்ச் 24, திங்கள்

சாயங்காலம் கொடியிலிருந்து ஒரு துண்டு பறந்து தண்ணீர்த் தொட்டிக்கும் கூண்டுக்கும் நடுவில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். தொட்டிக்குப் பின்னால் தரையில் ஒரு பொந்து. மண் புதிதாகத் தள்ளியிருக்கிறது. அது போய் முட்டுகிற இடத்தில் வலை துருப்பிடித்து, கீழ்க்கம்பி இரண்டு அறுந்து, இரண்டு விரல் நுழைகிற சந்து.

எலி. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். செங்கல் பக்கத்திலேயே கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வீட்டுக்குள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் ஏதோ சொல்ல, அப்பா சிரிக்கிறார். மறுபடியும் "குட்டி".

செங்கல்லைக் கீழே வைத்தேன். இப்போது கூண்டு அவள் பொறுப்பு. அவள்தானே எல்லாம் பார்க்கிறாள், இதையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்க்கத் தவறி, ஒரு நாள் எலி தானியத்தைக் கொட்டிவிட்டுப் போனால் என்ன? ஒரு தடவை அப்பா அவளை முறைத்தால் என்ன?

இவ்வளவுதான் நினைத்தேன். இதற்கு மேல் நினைக்கவில்லை. சத்தியமாக.

மார்ச் 25, செவ்வாய்

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். சின்னவள் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அது என் வேலை. சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

விடிந்ததும் "அக்கா" என்று சின்னவள் கூப்பிட்டாள். கத்தவில்லை. அந்தக் குரலே போதுமாக இருந்தது.

கூண்டின் மூலையில் பாம்பு. ஒல்லியாக அந்தச் சந்தில் நுழைந்திருக்கிறது. தின்றபின் வயிறு புடைத்து வெளியே போக முடியவில்லை. தலையைச் சந்தில் விட்டுவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டு கிடந்தது. உடம்பில் நான்கு இடங்களில் வீக்கம். நான்கு சின்னப் பறவைகள்.

கண்டக்டரை அது தொடக்கூட இல்லை. இருட்டில் மிரண்டு, வலையில் மோதி மோதிச் செத்திருக்கிறது. இறக்கை விரித்தபடி தரையில் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்றும். மீதி பதினொன்று.

பாம்பு பிடிக்கிறவர் வந்து சாக்கில் போட்டுக்கொண்டார். "இதுக்கு விஷம் இல்லம்மா. எலி வழியில வந்திருக்கு. பொந்து இன்னிக்கு நேத்து விழுந்ததில்ல, மூணு நாலு நாளாச்சும் இருக்கும். யாரும் பாக்கலையா?"

"நான்தான் பாக்கல" என்றாள் சின்னவள்.

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சின்னவள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவள் கொண்டுபோன கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. நான் கொண்டுபோனேன். நான்கு வாய் வாங்கிக்கொண்டார்.

இதுதானே வேண்டும் என்று இருந்தாய்? இப்போது சந்தோஷமா?

மார்ச் 30, ஞாயிறு

சின்னவள் பெட்டி கட்டுகிறாள். தோழி ஒருத்தி வீட்டில் இடம் இருக்கிறதாம். "நான் கை வச்சா எதுவும் விளங்காதுக்கா. வேலையிலயும் இதேதான் ஆச்சு. அப்பாவ நீயே பாத்துக்கோ. உனக்குத்தான் அது வரும்."

உட்கார்ந்து அவள் புடவைகளை மடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக, ஓரம் சேர்த்து. போகாதே என்று சொல்லவில்லை. என்ன பிறவி நான்.

மார்ச் 31, திங்கள்

கடையில் ஒரு பெரியவருக்கு ஐந்துக்குப் பதில் பத்து மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "கவனமா இரும்மா, உன்ன நம்பித்தான் முழுங்கறோம்" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

வாசலில் டாக்சி. பெட்டிகள் கூடத்தில். அப்பா நாற்காலியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நான் பாத்தேன்" என்றேன். "பொந்த. போன திங்கக்கெழமையே பாத்தேன். செங்கல் கையில எடுத்தேன். வச்சுட்டேன்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பொந்த?" பிறகு புரிந்தது. "ஏன்க்கா?"

"அவர் உன்னக் கூப்பிட்டாரு."

வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "ம்" என்றார். அதற்கு முன் கேட்டிராத "ம்". எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

சின்னவள் வெளியே போய் டாக்சியை அனுப்பிவிட்டு வந்தாள். ஒரு கணம் நெஞ்சு லேசானது. "உனக்காக இருக்கல" என்றாள். "உன்ன நம்பி இவர விட்டுட்டுப் போக முடியாது."

ஏப்ரல் 4, வெள்ளி

அவள் என்னோடு பேசுவதில்லை. அப்பா என் கையால் சாப்பிடுவதில்லை. கடையிலிருந்து வந்ததும் கடப்பாறையை எடுத்துக்கொண்டு கூண்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டுகிறேன். யாரும் தோண்டச் சொல்லவில்லை. உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

ஏப்ரல் 9, புதன்

தோண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். "ஆழம் பத்தாது" என்றாள். ஒன்பது நாளில் முதல் பேச்சு. மண்வெட்டியை எடுத்து நான் இடித்த மண்ணை அள்ள ஆரம்பித்தாள்.

அள்ளிக்கொண்டே சொன்னாள்: "லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா 'ம்'பாரு, நீ தண்ணி கொண்டு வருவ. இன்னொரு 'ம்'பாரு, நீ ஃபேன அணைப்ப. எனக்கு ஒண்ணும் புரியாது. விருந்தாளி மாதிரி உக்காந்திருப்பேன். வயிறு எரியும். ஊருக்குப் போற பஸ்ல அழுவேன்."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொன்னாத்தானே தெரியும். ஆனா அதுக்காக நான் எதையும் சாக விடல."

உண்மை. தோண்டினோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பறவைகளைப் பெட்டிகளில் அடைத்துக் கூடத்தில் வைத்தோம். வெல்டர் வந்து பழைய வலையை முழுக்கப் பிரித்துவிட்டார். புது வலை, அரை அங்குலக் கண், கனத்த கம்பி. அடியில் அதை மடக்கி, பள்ளத்தில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி படுக்கவைத்து, மேலே மண் மூடினோம். "எது தோண்டிட்டு வந்தாலும் இங்க வந்து முட்டிக்கும்" என்றார். பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளி விட்டு இன்னொரு வலை, பூனைக் கை எட்டாதபடி. தண்ணீர்த் தொட்டியைத் தள்ளி வைத்தாயிற்று. கூண்டைச் சுற்றி இப்போது மறைவே கிடையாது.

அப்பா நாற்காலியில் இருந்து மேற்பார்வை. எல்லாம் முடிந்து வெல்டர் கிளம்பும்போது, இடது கையை நீட்டி ஒரு மூலையைக் காட்டினார். சின்னவள் போக எழுந்தாள். அவர் தலையை ஆட்டி என்னைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டுக்கம்பி விட்டுப்போயிருந்தது. மண்டியிட்டு முறுக்கினேன். விரலில் ரத்தம் வந்தது. நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். "ம்" என்றார்.

அந்த "ம்" எனக்குத் தெரியும். போதும் என்று அர்த்தம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

என் கையால் இரண்டு வாய்.

மே 8, வியாழன்

கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் சின்னவள் போன். பதினொரு மணிக்கு வல்லூறு ஒன்று மேலிருந்து பாய்ந்து வெளி வலையில் மோதியதாம். நகத்தால் பற்றிக்கொண்டு, உள்வலை எட்டாமல், இறக்கையை அடித்துக்கொண்டு தொங்கியதாம். பறவைகள் எல்லாம் நடுக்குச்சிக்கு ஒதுங்கிவிட்டன. பதினொன்றும் பத்திரம். "அப்பா கத்தின கத்துல அது பறந்தே போயிடுச்சுக்கா. 'ஓடு'ன்னு கத்தினாரு. ஓடுன்னு."

புது வார்த்தை. நான் அங்கே இல்லை.

மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். வலித்தது. இல்லை என்று இங்கே எழுதினால் பொய். முன்பு மாதிரி இல்லை, நெஞ்சில் ஒரு ஓரத்தில்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் இருவரும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வாயால், அவர் கையால். வல்லூறு எப்படி வந்தது, எங்கே மோதியது, எப்படித் தொங்கியது. அப்பா இடது கையை உயரத் தூக்கி, சடாரென்று இறக்கி, தொடையில் அறைந்து காட்டினார்.

எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, மொதல்லேருந்து சொல்லுங்க" என்றேன்.

எல்லாமே புரிந்திருந்தது.