உற்பத்தி கூடும் என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் நலம்தான் பேப்பரிலேயே வந்துவிட்டதே. போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா, அப்புறம் பேசுகிறேன் என்பாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது.

போன வருடக் கடைசியில், வீட்டு உபயோகப் பொருள்களின் உற்பத்தி அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று நீ சொன்னதை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். உங்கள் மெஷினுக்கு வயர் கட்டும் நம் பட்டறைப் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். உன் படத்தைக் கத்தரித்து, வயர் சோதிக்கும் மேஜைக்கு மேலே ஒட்டினார்கள். நம் வாயாடி சும்மா இருப்பாளா? "தம்பிக்குத் தொப்பை விழுந்திருச்சு. கம்பெனி நல்லாத்தான் ஓடுது" என்றாள். வாஷிங் மெஷின் உற்பத்தி கால் பங்கு கூடும் என்ற வரியைச் சத்தமாகப் படித்து, இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான் என்று சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பில் எவ்வளவு சந்தோஷம் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் கத்தரித்துப் போட்ட மீதித் தாளை நான் எடுத்துப் படித்தேன். புதிய மாடல்களில் உள் வயரிங் குறையும், எலக்ட்ரானிக் போர்டு செய்கிறவர்களே வயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், சிறிய சப்ளையர்கள் படிப்படியாகக் குறைக்கப்படுவார்கள் என்று அதில் இருந்தது. அதுவும் நீ சொன்னதுதான். பள்ளிக்கூடம் போகாதவள் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். 'குறைக்கப்படுவார்கள்' என்ற சொல்லை மட்டும் நாலைந்து தடவை கூட்டிப் பார்த்தேன்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவே இல்லை. போன மழைக்காலத்தில் மிக்ஸி கம்பெனிக்காரர் வீடு தேடி வந்தார். அவருடைய வயர் வேலையை எடுத்தால் வருடம் முழுக்கக் கை ஓயாது. உன்னிடம் கேட்டேன். "அத விடுங்கக்கா. எங்க உற்பத்தி கூடப்போகுது. ஆளுங்கள மட்டும் விட்டுடாதீங்க" என்றாய். அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் உன் கம்பெனியிடம் ஆர்டர் காகிதம் கேட்டிருப்பார்கள். கூடப் பிறந்தவனிடம் எந்த அக்கா கையெழுத்துக் கேட்பாள்? இந்தப் பட்டறையில் உன் வாய்ச்சொல்தான் எப்போதும் ஆர்டர். அது எங்கள் முட்டாள்தனம் என்றே வைத்துக்கொள். ஆனால் நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம் என்பது உனக்குத் தெரியும்.

உற்பத்தியும் கூடத்தான் கூடியது. உங்கள் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. முன்பைவிட அதிகம். எங்கள் வாசலில் நிற்பதுதான் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் உங்கள் புது மெஷினின் பின்மூடியை மெக்கானிக் கழற்றியபோது நானும் போய் எட்டிப் பார்த்தேன். முன்னால் திருகுகிற குமிழ் ஒன்றுகூட இல்லை, வெறும் கண்ணாடி. பின்னால் ஒரே ஒரு போர்டு, அதிலிருந்து மெல்லிய வயர் கட்டு ஒன்று. கை படாமல் மெஷினே கட்டியது. ஒரு பிசிறு இல்லை. ஏதாவது குறை இருந்திருந்தால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

பழைய மாடலுக்கு உங்கள் ஆர்டர் நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்களை விட்டுவிட வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். அடுத்த போனுக்குக் காத்திருந்தேன். வயர் ரீல் தீரும்வரை கட்டிக்கொண்டே இருந்தோம். தீர்ந்த பிறகு என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம் எல்லாரும் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு, அன்றைக்கு அவர்கள் கட்டியதையெல்லாம் அவிழ்த்தேன். டேப்பைப் பிரித்து, கனெக்டரிலிருந்து ஊசியால் ஒவ்வொரு முனையாக நெம்பி எடுத்து, நிறம் நிறமாகப் பிரித்துத் தட்டுகளில் போட்டு வைத்தேன். காலையில் அதையே புது வயர் என்று கொடுத்தேன். ஒரு பழைய மெஷினின் வயரை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடம் கடைசியில் இதற்குத்தான் உதவியது.

போன வாரம், பெண்களில் மூத்தவள், நாங்கள் பெரியவள் என்று கூப்பிடுகிறவள், ஆணிப் பலகை முன்னால் ஒரு நீல வயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆணிகளைச் சுற்றி வளைத்துத்தான் வயருக்குப் பாதை போட வேண்டும் என்பது நீ சின்ன வயதில் பார்த்ததுதானே. அவள் வளைப்பதற்கு முன்பே அந்த வயர் அந்தந்த ஆணிக்குத் தக்கபடி வளைந்திருந்தது. "அக்கா, ரீல்ல இருந்து வர்ற வயர் இப்படி மடங்கி இருக்காதே" என்றாள். புது சரக்கு, அப்படித்தான் வருகிறது என்றேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பழைய மடிப்பிலேயே அதை வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். மற்றவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவிழ்க்க உட்கார்ந்தேன். எல்லாக் கட்டும் தளர்வாக இருந்தது. டேப்பை ஒரே சுற்று சுற்றி, பிடித்து இழுக்க நுனியை மடித்து விட்டிருந்தார்கள். என் விரல் நோகக் கூடாதாம். ஏழு பேரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ, நான் கேட்கவில்லை.

உன் மனைவி பேசினாள். பாடுபட்டது போதும், இங்கே வந்து இருங்கள், உங்களுக்கென்று அறை ஒழித்து வைத்திருக்கிறோம் என்றாள். நல்ல பெண், அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் வரமாட்டேன். உன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து லாரி எண்ண எனக்கு விருப்பமில்லை.

நீ வா. அவர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், சொல்ல வேண்டியதை ஒருவர் சொல்லியாக வேண்டும். வேலை உண்டு என்ற சொல் உன் வாயிலிருந்து வந்தது, இல்லை என்பதும் அங்கிருந்துதான் வர வேண்டும். என்னால் முடியாது. உன் ஆபீசிலிருந்து யாரையும் அனுப்பாதே. அனுப்பினால் ஷட்டரைத் திறக்கமாட்டேன், நான் சொன்னால் சொன்னதுதான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வா. கணக்கும் வரைபடமும் வேண்டாம், நேராகச் சொல். அவர்கள் உன்னைத் திட்டமாட்டார்கள். திட்டினால் நன்றாக இருக்கும், ஆனால் மாட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு கை எடுத்து உனக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். வழியில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லாதே. உட்கார்ந்து சாப்பிடு.

நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். நீ சொன்னபடியே உன் உற்பத்தி கூடட்டும். வேறு விதமாக எழுதத்தான் பேனா எடுத்தேன், கை வரவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா